ரேடியேட்டர் அக்காவின் கணவர் வளர்ந்த விதம்

ரேடியேட்டர் பட்டறை நடத்துவதால் ஊரே ரேடியேட்டர் அக்கா என்று கூப்பிடுபவரின் கணவர் நாற்பத்திரண்டாவது வயதில் மறுபடியும் வளரத் தொடங்கினார். அதுவரை அவர் ஐந்தடி மூன்று அங்குலம். தையல்காரர் என்பதால் அளவில் பிழை இருக்க வாய்ப்பில்லை. முதல் அரை அங்குலம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு பேருந்தின் இன்ஜின் தொடர்ந்து சூடாகிக்கொண்டிருக்க, பார்த்தவர்கள் எல்லோரும் தண்ணீர் பம்பைக் குறை சொன்னார்கள். அக்கா ரேடியேட்டரின் மூடியை எடுத்து, அதன் ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, மூடியை மட்டும் மாற்றினார். பேருந்து போய்விட்டது. அன்று மாலை தையல்காரரின் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நின்றது. அடுத்த ஆண்டு மருத்துவமனை ஜெனரேட்டருக்கு முக்கால் அங்குலம், அதற்கடுத்த மழைக்காலத்தில் தீயணைப்பு வண்டிக்கு ஒன்றரை அங்குலம் என்று கூடிக்கொண்டே போனது. மருத்துவர் எலும்புகளைப் படமெடுத்துப் பார்த்து, குறை ஒன்றுமில்லை என்றும் உப்பைக் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார். அதன்பிறகு தையல்காரர் தன் கால்சட்டைகளை மட்டும் நான்கு விரல் துணி உள்ளே மடித்துவிட்டுத் தைத்துக்கொண்டார்.

எல்லா வேலைக்கும் அவர் வளரவில்லை. ஊர் ஒன்று சொல்லி, அக்கா வேறொன்று சொல்லி, அக்கா சொன்னதே சரியாகிப்போகிற நாட்களில் மட்டும் வளர்ந்தார். “வேலை பார்க்கிறது நான். நீங்க எதுக்கு வளர்றீங்க?” என்று அக்கா கேட்டார். “எனக்கென்ன தெரியும். ஒரு தடவை தப்பு பண்ணிப் பாரு, நிக்குதான்னு பார்ப்போம்” என்றார் அவர். “அதுக்கு வேற ஆளைப் பாருங்க” என்று அக்கா பற்றவைக்கும் வேலைக்குத் திரும்பினார். நாளடைவில் ஊர் இதற்குப் பழகியது. எந்த வண்டியிலாவது தகராறு என்றால், அக்காவின் பட்டறைக்குப் போகுமுன் தையல் கடைப் பக்கம் போய் அவர் தலைக்கும் வாசல் நிலைக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அது தையல்காரருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வளர்வதை நிறுத்த அவருக்கு வழி தெரியவில்லை.

அவர் ஐந்தடி பதினோரு அங்குலமாக இருந்தபோது அந்த லாரி வந்தது. அதன் சொந்தக்காரரே அதன் டிரைவர். பத்தொன்பது வருடம் அடுத்தவர் லாரிகளை ஓட்டி, பிறகு தனக்கென்று வாங்கிய ஒரே வண்டி அது. நான்கு மாதமாக அது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தினமும் காலையில் அரை வாளி ஊற்றினால் சாயங்காலம் அந்த அரை வாளி இருக்காது. வண்டிக்கடியில் அட்டை விரித்துப் பார்த்தார், ஒரு சொட்டு ஈரம் இல்லை. பின்னால் மட்டும் வெள்ளைப் புகை. பெரிய ஒர்க்‌ஷாப்பின் தலைமை மெக்கானிக் முப்பது வருட அனுபவசாலி, நியாயமானவர். ரேடியேட்டரைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டார். தண்ணீரில் குமிழி வந்தது. இன்ஜினின் மேல் பாகமான ஹெட் விரிசல் விட்டிருக்கிறது, சனிக்கிழமை இன்ஜினை இறக்கவேண்டும், எல்லாம் முடிய மூன்று மாதம் என்றார். மூன்று மாதம் வண்டி நின்றால் வாடிக்கைச் சரக்கு வேறு லாரிக்குப் போய்விடும். பிறகு வண்டியை விற்றுவிட்டு, மறுபடியும் அடுத்தவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கவேண்டியதுதான். டிரைவர் வியாழக்கிழமை அக்காவிடம் வந்து நின்றார்.

அக்கா இன்ஜினைத் தொடவில்லை. புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் குழாயைக் கழற்றி, உள்ளே ஆட்காட்டி விரலை விட்டு எடுத்தார். விரலில் மை போலக் கரி அப்பியிருந்தது. “கரி காஞ்சு பொடியா இருக்கணும் தம்பி. இது குழைஞ்சு இருக்கு. உங்க தண்ணி இந்த வழியாத்தான் போகுது” என்றார். திரும்பிப் போகும் புகையை ஆறவைக்க அந்த வழியில் ஒரு கூலர் உண்டு. தகரப்பெட்டி போன்றது, முழங்கை நீளம். உள்ளே மெல்லிய குழாய்களில் புகை போகும், சுற்றிலும் ரேடியேட்டர் தண்ணீர் ஓடும். ஒரு குழாயில் முடியளவு விரிசல் விட்டால் தண்ணீர் புகையோடு கலந்து ஆவியாகிப் பின்னால் போய்விடும், தரைக்கு வராது. புகையும் அதே விரிசல் வழியாகத் தண்ணீருக்குள் நுழைந்து குமிழி காட்டும். “ஹெட் நல்லா இருக்கு. கூலர்தான் போயிடுச்சு. இது ஹெட்டா இருந்தா என் பட்டறை போர்டை நானே இறக்கிடுறேன்.”

அந்தக் கடைசி வாக்கியம் தேவையில்லை என்று தையல்காரர் பின்னால் சொன்னதுண்டு. சனிக்கிழமைக்குள் அது ஊரெல்லாம் பரவிவிட்டது. தலைமை மெக்கானிக் இன்ஜினை இறக்குமுன் கூலரைச் சோதித்துவிடுவது என்று ஒப்புக்கொண்டார். ஒர்க்‌ஷாப் வாசலில் முப்பது பேர் கூடினார்கள், அவர்களில் பாதிப்பேர் கூலரைப் பார்க்க வரவில்லை, தையல்காரரைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர் கடையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கூட்டத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, கால்களை மடக்கி நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“எழுந்து நில்லுங்க அண்ணே, ஒரு நிமிஷத்துல தீர்ப்பு தெரிஞ்சிடும்” என்றார் ஒருவர்.

“அவ வேலையைப் பாருங்க. என் காலைப் பார்க்காதீங்க” என்றார் தையல்காரர்.

கூலரைக் கழற்றி, தண்ணீர் வழிகளைத் தகடு வைத்து அடைத்து, ஒன்றில் மட்டும் காற்றுக்குழாயைச் செருகித் தொட்டியில் முக்கினார்கள். காற்றைத் திறந்தார்கள். முழுதாக ஐந்து நிமிடம் எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. டிரைவர் லாரியின் படியில் போய் உட்கார்ந்து, ஸ்டியரிங் பக்கம் பார்க்காமல் இருந்தார். தலைமை மெக்கானிக் கேலி செய்யவில்லை. “விடும்மா, எல்லாருக்கும் ஒருநாள் சறுக்கும்” என்றார். அது கேலியைவிட மோசமாக இருந்தது.

அக்கா தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். “அண்ணே, வண்டி பச்சைத் தண்ணியிலயா ஓடுது?” என்று கேட்டார்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடமாகக் குளிர்ந்த தண்ணீரில்தான் சோதித்து வந்தார்கள். இரும்புப் பீப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து, செங்கல் மேல் ஏற்றி, கூலரை அதற்குள் வைத்து அடியில் நெருப்பு மூட்டினார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. கொதிக்க விடக்கூடாது, கொதித்தால் கல்லைப் போட்டாலும் குமிழி வரும் என்று சொல்லி, தண்ணீரில் இரைச்சல் தொடங்கியதுமே அக்கா விறகை இழுத்துப்போட்டார். தண்ணீர் அசையாமல் நின்றது. பிறகு காற்றைத் திறந்தார். புகை வரும் வாயின் ஓரத்திலிருந்து கடுகளவு ஒரு குமிழி ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் ஊசியில் கோத்தது போல ஒரு சரம். காற்றை மூடினார், சரம் நின்றது. திறந்தார், வந்தது. மூன்று முறை செய்து காட்டிவிட்டு, நான்காவது முறைக்குக் காற்றுக்குழாயின் திருகைத் தலைமை மெக்கானிக்கின் கையில் கொடுத்தார். அவர் மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். “ஆறினா மூடிக்குது. சூடானா திறக்குது” என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, “இன்ஜின் மேல யாரும் கை வைக்காதீங்க” என்றார்.

கூட்டத்தில் ஒருவர், புதிய கூலருக்கு அலைய வேண்டாம், இரண்டு பக்கமும் தகடு வைத்து வழியையே அடைத்துவிட்டால் வண்டி ஓடும் என்று யோசனை சொன்னார். “ஓடும். நாலு ஊர் மூக்குல கரியை அடிச்சுக்கிட்டு ஓடும். என் கையால அது நடக்காது” என்று அக்கா சொல்லிவிட்டார். புதிய கூலர் ஆறு நாளில் வந்தது. ஏழாம் நாள் டிரைவர் சரக்கு ஏற்றினார். அதன்பிறகு அந்த லாரி குடித்த தண்ணீர் டிரைவர் பாட்டிலில் வைத்துக் குடித்தது மட்டும்தான் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள்.

அன்று கூட்டம் கலைந்த பிறகுதான் தையல்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்தவர் தலை வாசலின் தாழ்வான கூரைத் தகரத்தில் இடித்தது. மூன்றரை அங்குலம். “வலிக்குதா?” என்று அக்கா கேட்டார். “வலிக்குது” என்று சொல்லி அவர் சிரித்ததாக டிரைவர் இன்றும் சொல்கிறார்.

பெரிய ஒர்க்‌ஷாப்பில் இப்போது சுடுநீர்த் தொட்டி ஒன்று நிலையாக இருக்கிறது, வெப்பமானியோடு. தலைமை மெக்கானிக் புதிதாக வேலைக்கு வருகிறவர்களை ஒரு வாரம் அக்காவின் பட்டறைக்கு அனுப்பிவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் கொடுக்கிறார். அப்படியும் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஊர் ஒன்று சொல்ல, அக்கா வேறொன்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பன்னிரண்டு வருடத்தில் தையல்காரர் ஒன்பது அடியைத் தாண்டினார். தெருவில் நடக்கும்போது தாழ்ந்து தொங்கிய மின்கம்பி தலையில் படும் என்ற நிலை வந்தபோது, கம்பியை உயர்த்தக் கோரி மின்வாரிய அலுவலகத்தில் படிவம் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் ‘மனைவி சொன்னது சரி’ என்று எழுதியிருந்தார். அலுவலர் படித்துப் பார்த்து, எத்தனை அடி உயர்த்தவேண்டும் என்று மட்டும் கேட்டார். இனிமேலும் தேவைப்படும் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே போடும்படி தையல்காரர் சொன்னார். ஆறு அடி என்று குறித்துக்கொண்டு, அலுவலர் முத்திரை குத்தினார்.