கடைசி ஷெட்டுக்குப் போகும் ஒயர்

நெட்வொர்க் போனால்தான் இளவேனிலின் போன் அடிக்கும். சூலூருக்கு வெளியே இருக்கும் அந்த நூல் மில்லில் கம்ப்யூட்டர் வேலை மொத்தத்துக்கும் அவள் ஒருத்திதான். கண்ணாடி அறை, ஏசி, சர்வர், ஒரே ஒரு நாற்காலி. ஹாஸ்டலிலும் அதே கதை. அறைத்தோழிக்கு எப்போதும் நைட் ஷிப்ட். ஒருத்தியின் துணி கொடியில் காய்ந்தால் இன்னொருத்தி மடித்து வைப்பாள், அவ்வளவுதான் பழக்கம். வெள்ளகோவிலில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டால் "சாப்டியா"வோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் பேக்கிங்கில் புவனா இருந்தாள்.

மில்லின் பழைய நெட்வொர்க் ஒரு சங்கிலி. ஆபீஸிலிருந்து கிளம்பும் ஒயர் ஸ்பின்னிங் ஷெட்டின் சுவிட்ச் பெட்டிக்குப் போய், அங்கிருந்து வைண்டிங்குக்குப் போய், கடைசியாகத்தான் பேக்கிங்கைத் தொடும். நடுவில் எந்தப் பெட்டியில் பஞ்சு அடைத்துச் சூடேறினாலும் அதற்கு அப்பால் எல்லாம் நின்றுவிடும். அதனால் அதிகம் அடிபடுவது பேக்கிங்தான்.

"கண்ணு, மூட்டைக்கு எடை ஸ்டிக்கர் வரமாட்டேங்குது. வாரியா?"

அந்தக் குரலைக் கேட்டதும் ஓடுவாள். வைண்டிங் பெட்டியில் பஞ்சை ஊதி எடுத்துவிட்டு, சரியாகிவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் பேக்கிங்குக்குப் போவாள். பெட்டி உயிர்பிடிக்கும்வரை புவனாவுக்கும் கை சும்மா. இருவரும் நூல் மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

"ஏங்கண்ணு, உங்கூர்ல மாப்பிள்ளையே இல்லியா?"

"இருக்கறாங்க்கா. எல்லாரும் பஸ்ஸாட்டம் நிக்காமக் கரூருக்குப் போயர்றாங்க."

புவனா சிரிக்கிற சிரிப்பில் டீ சிந்தும். அந்தச் சிரிப்பு இளவேனிலுக்கு வாரம் முழுக்கப் போதும்.

முதலாளியின் மகன் சுரேந்தர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டான். "அம்மணி, இந்த ஒயரையெல்லாம் புடுங்கிப்போட்டுப் புதுசாப் போட்டர்லாம். எப்படிப் போட்டா நல்லாருக்கும்?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி. போர்டில் மளமளவென்று வரைந்தாள்.

"இப்ப இருக்கறது வரிசைங்க சார். ஒயர் கம்மி. ஆனா நடுவுல ஒண்ணு போனா அதுக்குப் பின்னாடி எல்லாம் போச்சுங்க."

"தோட்டத்து மெயின் பைப்பாட்டம்."

"அதேதானுங்க. கடைசி ஷெட்டையும் ஆபீஸோட சேத்துட்டா வட்டம். ஒரு பக்கம் அறுந்தா மறுபக்கமாச் சுத்திப் போயிரும். ஆனா அதுக்குன்னே இருக்கற சுவிட்ச் வேணுங்க. சாதா சுவிட்ச்ல வட்டம் போட்டா ஒரே சேதி நிக்காமச் சுத்தி மொத்தத்தையும் மொடக்கிப்போடும்."

"அய்யோ சாமி, வேண்டாம்."

"நட்சத்திரம்னா நடுவுலிருந்து ஒவ்வொரு ஷெட்டுக்கும் தனி ஒயருங்க. ஒண்ணு போனா அது மட்டுந்தான். நடுப்பெட்டி போனாத்தான் எல்லாம் போகும், அதுக்கு ஒரு ஸ்பேர் வெச்சுக்கலாங்க."

"எல்லாத்தையும் எல்லாத்தோடவும் கட்டிப்போட்டா?"

"அது மெஷ்ஷுங்க. எது அறுந்தாலும் ஓடும். ஒயருதான் கன்னாபின்னான்னு ஆகும்."

"எல்லாரும் எல்லாருக்கும் மொய் வெக்கற மாதிரி. கட்டுபடியாகாதம்மணி, நட்சத்திரமே போடு."

அறைக்கு வந்து பிளான் வரைந்தாள். ஸ்பின்னிங்குக்குத் தனிக் கோடு, வைண்டிங்குக்குத் தனிக் கோடு, இரண்டுக்கும் பஞ்சு புகாத புதுப் பெட்டி. பேக்கிங்குக்கு வந்ததும் கை நின்றது. அங்கே பஞ்சு அவ்வளவாகப் பறக்காது. தனி ஒயர் போட்டால் அந்த ஷெட் நிற்கவே நிற்காது. அப்புறம் புவனாக்கா எதற்குக் கூப்பிடப் போகிறாள்?

தூரம் அதிகம் என்று எழுதி, பேக்கிங்கை மட்டும் வைண்டிங்கில் இருந்த பழைய பெட்டியிலிருந்தே தொங்கவிட்டாள். சுரேந்தர் பார்க்காமலே சரி என்றான். மற்ற ஷெட்டுகளிலிருந்து போன் வருவது நின்றது. புவனா மட்டும் கூப்பிட்டாள். கொஞ்ச நாள் சந்தோஷமாகத்தான் போனது.

ஒரு சனிக்கிழமை வந்த அழைப்பில் புவனாவின் குரல் வேறாக இருந்தது. "கண்ணு, சீக்கிரம் வா. எம்புள்ள அக்ஷிதா இன்னிக்கு ஸ்கூல்ல ஆடறா. லோடு ஏத்திட்டுப் போலாம்னு பர்மிசன் வாங்கியிருக்கறேன்."

வைண்டிங்கின் பழைய பெட்டி இந்தமுறை ஊதியும் எழவில்லை. கருகிப்போயிருந்தது. பேக்கிங்கில் மேனேஜர் திருமூர்த்தி நின்றிருந்தார். வாசலில் லாரி.

"மில்லு பூரா ஓடுது, உன்ற ஷெட்டுக்கு மட்டும் என்ன கேடு? எதையாச்சும் புடுங்கிப்போட்டியா?"

புவனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அக்கா மேல தப்பில்லீங்க," என்றாள் இளவேனில். "நாந்தான் ஒயரை அப்படிப் போட்டுப்போட்டேன்."

"ஏம்மா, படிச்ச புள்ளதானே? மாத்து மொதல்ல."

ஏன் அப்படிப் போட்டாள் என்று அவர் கேட்கவில்லை. வேறு பெட்டி தேடி மாட்டி, லோடு ஏறி முடிவதற்குள் பள்ளிக்கூடத்தில் ஆட்டம் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"உடு கண்ணு," என்றாள் புவனா. "மெசினுன்னா நிக்கத்தான் செய்யும். நீ என்ன பண்ணுவ?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

திங்கட்கிழமையே பேக்கிங்குக்குத் தனி ஒயர் இழுத்தாள். அதன்பிறகு அந்த ஷெட் நிற்கவில்லை. போனும் அடிக்கவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தாள். இருந்தது.

ஒருநாள் மத்தியானம் கையில் எதுவும் இல்லாமல் பேக்கிங்குக்கு நடந்தாள்.

"என்ன கண்ணு, எங்க நெட்டு போச்சு?"

"எங்கயும் போகலீங்க்கா. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா!" புவனா சிரித்தாள். கை நிற்கவில்லை. ஸ்டிக்கர் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபடி இருந்தது. ஒட்டுவதற்குள் அடுத்த மூட்டை தராசில் ஏறியது. "முன்னெல்லாம் நெட்டு போனா ஒரு வாய் டீ குடிப்போம். இப்பப் பாரு, மூச்சு உட முடியல. நம்ம அக்ஷிதா இல்ல, அவ நேத்து..."

தராசு கத்தியது. புவனா திரும்பிக்கொண்டாள்.

அக்ஷிதா நேற்று என்ன செய்தாள் என்று தெரிந்துகொள்ள இளவேனில் நின்றாள். இன்னொரு மூட்டை ஏறியது, இன்னொன்று. பின்னால் தள்ளுவண்டிக்காரன் "ஏனுங்க, வழிங்க" என்றான். ஒதுங்கினாள். ஒதுங்கி நிற்கவும் அங்கே இடமில்லை. வெளியே வந்துவிட்டாள்.