கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை

"ஸ்கிரீனை அணைச்சிட்டு ஒரே ஒரு அப்பாயின்ட்மென்ட் போட்டுக் காட்டுங்க சார்."

சின்னவள் கேட்டதும் முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று. வாடிக்கையாளர் எதிரில் வாயே திறக்கக் கூடாது, அதிலும் இதைச் செய்து காட்டுங்கள் என்று கேட்கவே கூடாது என்று காலையில்தான் அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பயிற்சிக்காலம் முடியாத பெண். நோட்டு எடுக்க உட்கார வைத்தால் வாலை ஆட்டுகிறது.

எதிரே பெண்கள் மருத்துவமனையின் மேனேஜர் அம்மா. சுவரில் பெரிய திரை. அதில் மருத்துவமனைக்காக முதலாளியின் கம்பெனி செய்த புது வலைப்பக்கம் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. மேலே மிதக்கும் இதழ்கள், கீழே அப்பாயின்ட்மென்ட் போடும் பொத்தான். விரலை வைத்தால் மின்னும். மேனேஜர் அம்மா அப்போதுதான் "கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு" என்று சொல்லி முடித்திருந்தார்.

"புதுப் பொண்ணு மேடம், விளையாட்டுத்தனம்" என்று முதலாளி சிரித்து மழுப்பினார்.

"விளையாட்டு இல்ல சார். எங்க அக்காவுக்குக் கண் தெரியாது. போன் படிச்சுச் சொல்லும், அதைக் கேட்டுத்தான் எல்லாம் செய்வா. இந்தப் பக்கத்தை அந்த மாதிரி போன் எப்படிப் படிக்குதுன்னு கேளுங்க."

யாரும் வேண்டாம் என்று சொல்வதற்குள் தன் போனில் பக்கத்தைத் திறந்து, திரையைக் கறுப்பாக்கி, மேசைமேல் வைத்து அதன்மேல் விரலை நகர்த்தினாள்.

"படம்" என்றது போன். "படம். படம். எழுதும் கட்டம். எழுதும் கட்டம். எழுதும் கட்டம். பக்கம் முடிந்தது."

மின்னும் பொத்தானைப் பற்றி அது மூச்சே விடவில்லை.

சின்னவள்தான் அவர்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வலைப்பக்கம் எழுதும் மொழியான ஹெச்.டி.எம்.எல். கல்லூரியில் அவளுக்குப் பரீட்சைக்கு உருப்போடும் பாடம். பக்கம் பக்கமாக ஒப்பிப்பாள், சொந்தமாக ஒரு பக்கம் எழுதியது கிடையாது. முதல் இன்டர்வியூவில் அந்தக் குட்டு உடைந்தது. அதன் பிறகுதான் வீட்டில் உட்கார்ந்து சின்னச் சின்னப் பக்கங்களாகப் போட்டுப் பழகினாள். பார்த்துத் திருத்தித் தர ஆளில்லை. கேட்டுத் திருத்த அக்கா இருந்தாள்.

முதல் பக்கம் அக்காவைப் பற்றியே. அவள் பெயரைப் பெரிதாக, தடித்த எழுத்தில், நீலத்தில் போட்டிருந்தாள்.

"தலைப்பு எங்கடி?" என்றாள் அக்கா.

"அதான் யானை மாதிரி நிக்குதே!"

"யானையோ பூனையோ, எனக்கு எப்படித் தெரியும்? தலைப்புன்னு போன் சொல்லலையே. சும்மா ஒரு வரியைச் சி.எஸ்.எஸ். போட்டு ஊதிவிட்டிருக்க."

அன்றைக்கு உறைத்தது. ஹெச்.டி.எம்.எல். என்பது ஒன்று தலைப்பா, பொத்தானா என்று சொல்வது, சி.எஸ்.எஸ். அதற்கு நிறமும் அளவும் உடுத்திவிடுவது. உடுப்பை மட்டும் மாட்டி ஆள் நிற்பதாக நம்ப வைக்கக் கூடாது. அடுத்து பஸ் நேர அட்டவணை. அதில் அக்கா வழி தவறிப் போய்த் திட்டினாள். அதற்கடுத்து ஒரு சின்னப் படிவம். கட்டங்களுக்குப் பெயர் ஒட்ட மறந்திருந்தாள். "எதைடி எழுதணும் இங்க, என் தலையெழுத்தையா?" என்றாள் அக்கா. இருவரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்ததும் அக்கா மெதுவாகச் சொன்னாள்: "அன்னிக்கும் இப்படித்தான்."

அன்றைக்கு என்றால், இதே மருத்துவமனையின் பழைய பக்கம். அதுவும் வாய் திறக்காத பக்கம்தான். அக்கா முட்டி மோதிவிட்டுத் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். கடைக்காரர் நல்ல மனிதர். வந்த காரணம் என்ற கட்டம் வந்ததும், நெரிசலான கடையில், உரக்கக் கேட்டார்: "என்னம்மா உடம்புக்கு?" நிற்காத உதிரப்போக்கு. அத்தனை காதுகளுக்கு நடுவே அக்கா "காய்ச்சல்" என்றாள். காய்ச்சலுக்கு என்ன அவசரம் என்று தள்ளித் தள்ளித் தேதி கொடுத்தார்கள். கடைசியில் கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது. சின்னவள் அப்போது கல்லூரி விடுதியில் ஹெச்.டி.எம்.எல். உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படிப்பட்டவங்க தனியாவா வரப் போறாங்க?" என்றார் மேனேஜர் அம்மா, தன்மையாகத்தான். "கூட யாராவது இருப்பாங்க இல்லையா?"

"கூட ஆள் இருந்ததாலதான் மேடம் அவ பொய் சொன்னா."

சொல்லிவிட்டு நடந்ததைச் சொன்னாள். அழவில்லை. மேனேஜர் அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதழ் இருக்கட்டும், கலர் இருக்கட்டும்" என்று முதலாளி பக்கம் திரும்பினாள். "அடியில இருக்கிறதை மட்டும் மாத்தணும். பொத்தான்னு வரைஞ்சு வச்சிருக்கிறதை நிஜப் பொத்தானாக்கணும், கட்டத்துக்கெல்லாம் பேர் வைக்கணும். எழுதியே வச்சிருக்கேன். அக்கா போன்ல கேட்டுப் பார்த்துட்டா, சரியாப் படிக்குது."

"நேத்தே சொன்னேனே, பின்னால பார்த்துக்கலாம்னு. நாளைக்குப் பக்கத்தோட திறப்பு விழா. இப்பப் போய்க் கையை வச்சு எங்கேயாவது இடிஞ்சா யார் பதில் சொல்றது?" முதலாளி குரலை இறக்கினார். "மேடம்கிட்ட ஒரு சாரி சொல்லிட்டு உட்காரு. அடுத்த மாசம் உன்னைப் பர்மனென்ட் பண்றதா இருக்கேன். உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியாதா?"

வீட்டு நிலைமையைச் சொல்லித்தான் அக்காவும் காலையில் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காக வேலையை விட்றாதடி." சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

மேனேஜர் அம்மா திடீரென்று போனைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலால் தள்ளினார். எழுதும் கட்டம். எழுதும் கட்டம். பக்கம் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து. பக்கம் முடிந்தது. கண்ணைத் திறந்தவர் சின்னவளைப் பார்க்காமல் முதலாளியைப் பார்த்தார்.

"சேர்மன் நாளைக்கு வராரு" என்றார். "தேதியை மாத்த முடியாது."

"அப்படிச் சொல்லுங்க மேடம்" என்று முதலாளி மூச்சு விட்டார்.

சின்னவள் எழுந்து, கை நீட்டித் தன் போனை வாங்கிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட? உன் சீட்டுக்குப் போ, பேசிக்கலாம்."

"அங்க எதுவும் இல்ல சார்."

பொய்யில்லை. தண்ணீர் பாட்டில், சால்வை, கோப்பை எல்லாவற்றையும் காலையிலேயே பையில் எடுத்து வைத்தாயிற்று. பக்கத்தை மாற்றுவார்களா என்று கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தாள். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல், போன் இருந்த இடத்தில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே நடந்தாள்.