பெரியவர் சொன்ன குழந்தை

பின்பக்கம் கயிறு கட்டுவதற்காகப் படத்தைத் திருப்பிய ரங்கையா, கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார். பாகாலாவில் வண்டி மாறும்போது எங்கேயாவது இடித்துத் துணி கிழிந்துவிட்டதோ என்று ஞானசௌந்தரி பதறிப்போய் எட்டிப் பார்த்தாள். துணியில் ஒரு கீறல் இல்லை. சட்டமும் ஆணிகளும் சித்தூர் பஜார் தெருவில் அடித்துக் கொடுத்தது போலவே இருந்தன.

“ஏமண்டி டீச்சரம்மா, மெட்ராஸ் போய் வந்த படம்னு சொன்னீங்களே, இதையா?”

“ஆமா சார். இதேதான். மூணு வருஷமா போய் வந்துது.”

“மூணு வருஷம் போய் வந்ததுக்கு முதுகு இப்படியா இருக்கும்? குளிப்பாட்டி வெச்ச மாதிரி கீதே.”

ரங்கையா திருப்பதியிலேயே ஓர் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். கண்காட்சிக்கு வந்த படங்களை மாட்டும் பொறுப்பு அவருடையது. காலையில்தான் அவளுக்குப் பழக்கம். வந்ததிலிருந்து தெலுங்கும் தமிழுமாகக் கலந்து எல்லாரையும் கிண்டல் செய்துகொண்டிருந்தார். மூலையில் சாய்த்து வைத்திருந்த தன்னுடைய படம் ஒன்றை எடுத்து வந்து அதன் முதுகைக் காட்டினார். பழுப்பேறிய காகிதச் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர், ஒரு வருடம், ஒரு ரப்பர் முத்திரை.

“பாருங்க, இது நாலும் மெட்ராஸ் சீட்டு. நாலு தடவையும் தள்ளுபடி. வேணாம்னு சொன்னாலும் சீட்டு ஒட்டித்தான் திருப்பிக் குடுப்பாங்க. கவுன்ட்டர்ல வாங்கினவுடனே மொதல் வேல அதுதான்.” படத்தைத் திரும்பச் சாய்த்து வைத்தார். “ராஜ்யம் பிரிஞ்ச அடுத்த வருஷம் அஞ்சாவது சீட்டுக்குப் போனேன். ஆந்திராக்காரங்களுது வாங்கமாட்டோம்னு வாசல்லியே அனுப்பிச்சிட்டாங்க. நீங்க மட்டும் எப்டி குடுத்தீங்க? அரவவாள்ளு, தமிழாளுங்கன்னு உள்ள உட்டுட்டாங்களா?”

அவர் சிரித்தார். கெட்ட மனதில்லாத சிரிப்பு. அவளும் சிரிக்க முயன்றாள்.

“மெட்ராஸ் விலாசம் போட்டுக் குடுத்தோம் சார். எங்க சொந்தக்காரங்க வூட்டு விலாசம்.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்பது வருடப் பழக்கம், கணவன் தனராஜை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று வாய் தானாக முந்திக்கொண்டது. ரங்கையா கயிற்றைக் கட்டி, படத்தை ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிவிட்டு, மூன்று மணிக்கு ஐதராபாத்துக்குப் படம் பொறுக்கும் கமிட்டி வந்துவிடும், அதற்குள் சாப்பிட்டுவிடுங்கள் என்று சொல்லிப் போனார். அவள் சாப்பிடப் போகவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

தனராஜ் சித்தூர் ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க். அவனிடம் ரயில் பாஸ் இருந்தது, அவளிடம் லீவு இல்லை. அதனால்தான் படத்தை மெட்ராஸுக்கு அவன் எடுத்துப்போவது என்று ஆயிற்று. மிஷன் பெண்கள் பள்ளியில் கரும்பலகையில் மாம்பழமும் கூஜாவும் வரைந்து காட்டும் டீச்சராகவே தன் காலம் முடிந்துவிடக் கூடாது என்று அவளுக்கு ஒரு வெறி இருந்தது. மெட்ராஸில் ஒரு சுவர், அதில் தன் படம், கீழே தன் பெயர். ஒரு தடவை அது நடந்துவிட்டால் அடுத்த சுவர்கள் தாமாகத் திறக்கும் என்று நம்பினாள். அதற்காக அவள் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு படத்தைத்தான். பிள்ளை வேண்டி வேலூரில் டாக்டரம்மாவைப் பார்த்து, இனி வர வேண்டாம் என்று அவர் சொல்லிவிட, அவள் திரும்பிய மாதம் வரைந்தது. நீவா ஆற்று மணலில் குழி தோண்டி, ஊற்று சுரக்கட்டும் என்று குனிந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி. அவளைச் சுற்றி மணல், மணல்தான். மேலே பெய்யப்போகிறதா இல்லையா என்று தெரியாத கருத்த வானம். அதை முடித்த அன்று, இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று தானே தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

முதல் வருடம் தனராஜ் திரும்பி வந்து, கால் கழுவிவிட்டு, சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தான். நடுவர்களில் ஒரு பெரியவர் இருந்தாராம். மூக்குப்பொடிக்காரர். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாராம். “கை நல்ல கைதான். ஆனா வானம் ரொம்ப கருப்பா கீது, வூட்ல மாட்டினா வூடே இருட்டாப் பூடும். திருத்திக்கினு அடுத்த வருஷம் வரச் சொல்லுங்க” என்றாராம். பொடியைச் சிட்டிகை எடுத்து உறிஞ்சுவது போலவும், தும்மலை அடக்குவது போலவும் தனராஜ் நடித்துக் காட்டினான். ஏமாற்றத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரோ ஒரு பெரியவர் தன் படத்தின் முன்னால் நின்றார் என்பதே அந்த வருடத்துக்குப் போதுமாக இருந்தது. கருப்பின் மேல் நீலம் பூசினாள்.

இரண்டாவது வருடம் பெரியவர், மணல் வெறிச்சென்று இருக்கிறது என்றார். அவள் இரண்டு புங்கமரங்களும் ஒரு மாடும் வரைந்தாள். வரையும்போது அவரோடு பேசினாள், சண்டை பிடித்தாள், கடைசியில் அவர் சொன்னதற்கே இணங்கினாள். மூன்றாவது வருடம் தனராஜ் நடித்துக் காட்டவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “பொம்பள ஒண்டியா ஒக்காந்துகினு கீறா, பக்கத்துல ஒரு கொழந்த இருந்தா நல்லா இருக்கும்னாரு.” அவள் ரசம் ஊற்றினாள். அதன் பிறகு பல மாதம் அந்தப் படத்தை அவள் தொடவில்லை. முகம் தெரியாத ஒரு கிழவர், தெரிந்தோ தெரியாமலோ, வேலூர் டாக்டரம்மா கை வைத்த இடத்திலேயே கை வைத்துவிட்டாரே என்று அழுதாள். அழுது முடித்துவிட்டு, பால்காரம்மாவின் சின்னப் பிள்ளையைத் தின்பண்டம் கொடுத்து உட்காரவைத்து, நீலச் சட்டை போட்ட ஒரு குழந்தையை மணலில் வரைந்தாள்.

ஒரு சீட்டுகூட இல்லை என்றால், படம் மெட்ராஸ் கவுன்ட்டரைத் தாண்டியதே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு இப்போது ஒவ்வொன்றும் கேட்டது. இருட்டான வீடு யாருக்குப் பிடிக்காது, வெறிச்சென்ற இடம் யாரைப் பயமுறுத்தும், மாதா கோவிலில் ஞானஸ்நானம் நடக்கும் ஞாயிறுகளில் முதல் வரிசையிலிருந்து பின்னால் போய் நின்றுகொள்வது யார். அந்தக் குரல் மூன்று வருடமும் அவள் வீட்டிலேயே, அவள் பரிமாறிய சோற்றைத் தின்றுகொண்டே பேசியிருக்கிறது.

கமிட்டியில் மூன்று பேர். அவர்கள் ஹாலுக்குள் வந்தபோது, அவர்களில் யார் கையிலாவது பொடி டப்பி இருக்கிறதா என்று அவள் கண் தேடியது. தேடுகிறோம் என்று தெரிந்ததும் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். யாரும் அவளுடைய ஊரைக் கேட்கவில்லை, பாஷையைக் கேட்கவில்லை. ஜன்னலோரச் சுவரின் முன் நின்று, மூன்று பேரும் தலையை ஒரே பக்கம் சாய்த்துப் பார்த்தார்கள். பருமனாக இருந்தவர் தெலுங்கில் சொன்னார்: அந்தப் பிள்ளைதான் படத்துக்கு உயிர், பிள்ளை இல்லாவிட்டால் வெறும் மணல். மற்ற இருவரும் ஆமாம் என்றார்கள். ஐதராபாத்துக்குப் போகும் படங்களில் அதுவும் ஒன்றானது.

“படத்துக்கு எந்த பாஷையும் இல்லம்மா, பாத்தீங்களா” என்றார் ரங்கையா. அவரே ஒரு சீட்டை எழுதிக் கோந்து தடவி, படத்தின் முதுகில் அழுத்தி ஒட்டினார். அவள் கைகூப்பினாள். அழுகை வந்தால் சந்தோஷம் என்றுதான் நினைப்பார்கள். அதனால் அடக்கவில்லை.

தனராஜ் டூட்டி முடித்து அடுத்த வண்டியில் வந்தான். கையில் எலுமிச்சம் சாதம் கட்டிய தூக்கு. வாசலிலேயே ரங்கையா சொல்லியிருக்க வேண்டும், உள்ளே வரும்போதே முகம் விரிந்திருந்தது.

“ஸ்தோத்திரம் சௌந்தரி, ஸ்தோத்திரம். ஜெயிச்சுட்ட பாரு.”

“நானா?”

“பின்ன நானா? நான் சொல்லல, கொழந்த வந்தப்புறம்தான் படமே நெறஞ்சுதுன்னு?”

“நீங்க சொல்லல. பெரியவருதான் சொன்னாரு.”

“ஆமா ஆமா, பெரியவருதான்.” தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

“அவரு எந்தக் கையால பொடி போடுவாரு?”

“இன்னா சௌந்தரி இது, நட்ட நடுவுல நின்னுக்கினு.”

“சொல்லுங்களேன்.”

காலியாக இருந்த வலது கை கொஞ்சம் மேலே எழும்பியது.

“மொதல் வருஷம் எடது கையால போட்டுக் காட்டினீங்க.”

தனராஜ் எழும்பிய கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். பக்கத்துப் படத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அவன் எப்போதும் நல்ல மனிதன். டிக்கெட்டுக்குச் சில்லறை குறைந்தால் தன் பையிலிருந்து போட்டு அனுப்புகிறவன். அந்த நல்ல முகம் இப்போதும் அப்படியேதான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“மொத வருஷம் மெய்யாலுமே போனேன்” என்றான். “கவுன்ட்டர்ல, சித்தூரா, அது ஆந்திராவுக்குப் போயிடுச்சே, அங்கியே போய்க் குடுங்கன்னு சொல்லிட்டாங்க. பிரிச்சுக்கூட பாக்கல. காயிதம் சுத்தினது சுத்தினபடி எடுத்துக்கினு வந்தேன். வூட்டாண்ட வந்தா நீ வாசல்ல நிக்கற. உன் மூஞ்சியப் பாத்து எப்டி சொல்றது, நம்மள வெளியூர்க்காரங்கன்னு தள்ளிட்டாங்கன்னு? எல்லக்கோடு மாறிடும், அடுத்த வருஷம் சித்தூரே மெட்ராஸ் பக்கம் வந்துடும்னு ஸ்டேஷன்ல எல்லாரும் பேசிக்கினு இருந்தாங்க. ஒரு வருஷத்துக்குத்தானேன்னு...”

“ரெண்டாவது வருஷம்?”

“அரக்கோணத்துல எறங்கிட்டேன். அக்கா வூட்ல.”

“படம்?”

“அக்கா கட்டிலுக்கு அடியில.”

“மூணாவது வருஷமும் கட்டிலுக்கு அடியிலதானா?”

அவன் தலையை ஆட்டினான்.

அவளுக்கு யாரோ செத்துப்போனது போல இருந்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்த படத்தை நினைத்து அல்ல. மூன்று வருடம் தன் எதிரே நின்று பார்த்த ஒருவர், கை நல்ல கைதான் என்று சொன்ன ஒருவர், இந்த நிமிடம்தான் இல்லாமல் போனார்.

“வெளியூர்க்காரின்னு சொல்லியிருந்தா நாலு நாள் அழுதிருப்பேன்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “என் வானத்த அப்டியே வெச்சிருப்பேன். இப்ப அது அடியில போயிடுச்சி. நானே பூசிட்டேன்.”

“அதுக்குத்தான் இப்ப ஐதராபாத்...”

“அது உங்க படங்க. ஐதராபாத் போறது உங்க படம்.”

ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். இருவரும் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, ஊர் திரும்ப எந்த வண்டி என்று பேசிக்கொள்ளும் புருஷன் பெண்சாதி போலத்தான் தெரிந்திருக்கும்.

“கொழந்த வேணும்னு இருந்தா, என்னாண்ட சொல்லியிருக்கலாம்” என்றாள்.

“உன்னாண்ட எப்டி சௌந்தரி சொல்றது” என்றான் தனராஜ்.

அவள் அவனைப் பார்த்தாள். கோபத்துக்குள் கையை விட்டுத் துழாவியபோது அடியில் வேறொன்று தட்டுப்பட்டது. அதை அவள் வெளியே எடுக்க விரும்பவில்லை. எடுத்தால், இவனை மன்னிக்க வேண்டி வரும். மன்னித்துவிட்டால் மணலில் ஒண்டியாக உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

மலைக்குப் போய்த் திரும்பிய ஒரு குடும்பம் பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதென்று ஹாலுக்குள் நுழைந்தது. அப்பன், அம்மா, மூத்த பிள்ளை, சின்னப் பெண், எல்லாருக்கும் மொட்டை, மொட்டையில் சந்தனம். அப்பன் இடுப்பிலிருந்த சின்னப் பெண் மட்டும் ஒவ்வொரு படத்தையும் கை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தது. ஜன்னலோரம் வந்ததும் உடம்பை வளைத்து, படத்தில் இருந்த குழந்தையின் சட்டை மேல் விரலை வைத்தது. அந்த நீலத்தை ஞானசௌந்தரி போன வாரம்தான் இன்னொரு தடவை பூசியிருந்தாள். மேலே காய்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே ஈரம்.

“பாப்பா, தொடாத” என்று தனராஜ் பாய்ந்தான். அவள் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“உடுங்க.”

அந்தப் பெண் விரலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு தன் மொட்டைத் தலையிலேயே தேய்த்துக்கொண்டது. அப்பன் ஒன்றும் அறியாமல் அடுத்த படத்துக்கு நகர்ந்தான். சந்தனத்தின் நடுவே ஒரு நீலக் கோடு, ஆட்களுக்கு இடையே, வாசல் வெயிலை நோக்கி ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.