நாடாவால் செய்த அப்பா

1

இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது. திருடியவன் நான். எழுத்தாளன் என்பதால் இதைத் 'தகவல் சேகரிப்பு' என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அம்மாவின் அலமாரியிலிருந்த பிஸ்கட் டின்னை, உள்ளேயிருந்த நாற்பது கேசட்டுகளோடு, அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அத்தனையிலும் அப்பாவின் குரல். கப்பலில் சமையல்காரராக இருந்தவர், கடிதம் எழுதச் சோம்பல்பட்டுப் பேசி அனுப்பியவை. (காதல் கடிதம் என்று உருகிவிடாதீர்கள். "கேஸை மூடினியா? சின்னவன் கணக்குல எவ்வளவு?" எந்தக் கடலிலிருந்தும் இதே கேள்விதான்.) அவர் இறந்து ஆறு வருடமாகிறது. போட்டுக் கேட்க வீட்டில் டேப்ரெக்கார்டரும் இல்லை.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'மழை தூறிய அந்த மாலையில், கண்கள் பனிக்க, அக்கா முதல் நாடாவை மெல்ல உருவி—'

அக்கா படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பித் தந்தாள். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிறவள். பொய்யில் எத்தனை சுற்று என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள்.

"நான் எப்படா அழுதேன்? அது பசை நெடிடா. மழையும் பெய்யல."

சரி, மழை வாபஸ். கண்ணீரும் வாபஸ்.

நடந்தது இதுதான். தன் பட்டறையின் பின்னறையில் கம்பியால் ஆளுயரக் கூடு ஒன்று கட்டினாள். நாடாக்களை உருவி, பசை தடவி, அதன்மேல் சதைபோலச் சுற்றினாள். பழைய காரின் வைப்பர் மோட்டாரைத் தோளில் பொருத்தினாள். சுவிட்சைப் போட்டால் இடது கை மேலே போய் ஆடும். நெஞ்சில் தொங்கும் நாடா மூச்சுவிடுவதுபோல ஏறி இறங்கும். வலது கை வெறும் கம்பி.*

* விமர்சகர்கள் இதை 'இன்மையின் குறியீடு' என்பார்கள். நாடா தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

3

இந்த இடத்தில் அம்மா மயங்கி விழவேண்டும் என்று திட்டமிட்டிருந்தேன். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை. அலமாரி காலியென்று தெரிந்ததும் நேரே பட்டறைக்கு வந்து நின்றாள்.

"டின் எங்கடா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சுவிட்சைப் போட்டாள். கை மேலே போய் ஆடியது.

"அப்பா கேசட்டும்மா. எல்லாத்தையும் பிரிச்சிட்டேன். உன்னைக் கேட்டிருக்கணும்." அவள் குரல் உடைந்தது. (பசை டப்பா மூடித்தான் இருந்தது. பார்த்துக்கொண்டேன்.)

அம்மா ஆடுகிற கையைப் பார்த்தாள்.

"கப்பலுக்குக் கிளம்பும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பாத்துக் கையாட்டினதில்ல, இந்த மனுஷன்."

பிறகு கைப்பையைத் திறந்து இன்னொரு கேசட்டை எடுத்தாள். டின்னுக்குள் என்றைக்குமே இருந்திராதது.

"இது எனக்கு மட்டும் பேசினது."

4

என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன. ஒன்று: அக்கா அதையும் உருவி, வலது கையைச் சுற்றி முடிக்கிறாள். இரண்டு: யாரோ பழுதுபார்க்கக் கொடுத்த டேப்ரெக்கார்டர் மேசைமேல் இருக்கிறது, மூவரும் உட்கார்ந்து கேட்கிறோம், நான் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறேன்.

அம்மா என் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"எதுவா இருந்தாலும் நீ எழுதப் போறதில்ல. வெளிய போ."

போனேன். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. மோட்டார் சத்தம் நின்றது. அப்புறம் அப்பாவின் குரல், கரகரவென்று—

இல்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முடிவு உள்ளே இருக்கிறது. நீங்கள் தட்டிப் பாருங்கள். உங்களுக்காவது திறக்கிறார்களா பார்ப்போம்.