பதினைந்து நிமிடப் பூட்டு

காலை பதினொரு மணிக்குள் பலகையில் டாலர் விலை ஆறு முறை மாறிவிட்டது.

பேருந்து நிலையத்தின் நாலாம் வாசலருகே, பணம் மாற்றும் கூண்டுக்குள் இருந்த காசாளருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அரசாங்கம் வெளியில் வாங்கியதெல்லாம் டாலர் கடன். தவணை கட்டக் கையில் டாலர் இல்லை என்று முந்தின நாள் மந்திரியே ஒப்புக்கொண்டார். அப்புறம் அந்த நாட்டின் நோட்டை எவன் நம்புவான்? வைத்திருந்தவனெல்லாம் அதைக் கைகழுவி டாலராக்க ஓடினான். ஓட ஓட விலை ஏறியது. ஏற ஏற இன்னும் பேர் ஓடினார்கள். எல்லை தாண்டும் பேருந்துக்காரர்களும் டிக்கெட்டுக்கு டாலர்தான் வேண்டும் என்றுவிட்டார்கள். அந்தப் பக்கம் டீசல் போட உள்ளூர் நோட்டு செல்லாதே! ஆக, முன்னூறு பயணிகள் பெட்டியும் பிள்ளையுமாக இந்த ஒரே கூண்டின் முன்னால். கடைசி வண்டி இரண்டு மணிக்கு.

கூண்டின் காவலாளி காசாளரின் கூடப்பிறந்த தம்பி. கையில் ஒரு பிரம்பு, உடம்பில் ஒரு சைஸ் பெரிய சட்டை.

"தள்ளாதீங்கண்ணே, கண்ணாடி உடைஞ்சா எங்கக்கா என் சம்பளத்துல பிடிச்சிரும்" என்றான். முன்வரிசை சிரித்தது.

"உன் சம்பளத்துல ஒரு டீ வாங்க முடியுமாடா இன்னிக்கு?" என்றான் நீலச் சட்டைக்காரன் ஒருவன்.

"காலையில முடிஞ்சுதுண்ணே. இப்போ தெரியல."

தொலைபேசி அடித்தது. ஏழாவது விலை. புது விலை வரும்போது பலகையை அணைத்து ஷட்டரைப் பாதி இறக்க வேண்டும் என்பது அங்கே விதி. பழைய விலைக்கு ஒரு நோட்டுகூடக் கைமாறக் கூடாது. மற்ற நாட்களில் அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். வரிசையில் நிற்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். அவள் வழக்கம்போல பலகையை அணைத்தாள். ஷட்டர் கரகரவென்று பாதி இறங்கியது.

பின்னால் நின்றவர்களுக்குப் பலகை இருண்டதும் ஷட்டர் இறங்கியதும் மட்டும்தான் தெரிந்தது.

"மூடுறாங்கடா! டாலர ஒளிச்சு வச்சுக்கிட்டு மூடுறாங்க!"

கூட்டம் மொத்தமாக முன்னால் சாய்ந்தது. ஒரு பெட்டி பறந்து வந்து, தரைவரை இறங்கியிருந்த முன்கண்ணாடியில் மோதியது. கண்ணாடி சிலந்திவலையாக விரிசல் விட்டது. இரண்டாவது பெட்டிக்கு உதிர்ந்து கொட்டியது. அவளுடைய கட்டைவிரல் மேசைக்கடியிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தியது. மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகையில் பழகிய அழுத்தல்.

ஷட்டர் முழுசாகத் தரையில் இடித்து நின்றது. தம்பி வெளியே இருந்தான்.

"அக்கா! அக்கா, திற!"

அந்தப் பொத்தானின் சூட்சுமமே அதுதான். கொள்ளைக்காரன் வெளியே யாரையாவது பிடித்துவைத்து மிரட்டினாலும் உள்ளே இருப்பவரால் திறக்க முடியாது. பதினைந்து நிமிடம் மோட்டார் யார் பேச்சையும் கேட்காது. சாவியைத் திருகினாள். அசையவில்லை. ஷட்டரின் சின்னத் துளைகள் வழியே பார்த்தாள். அவனுடைய பிரம்பாலேயே அவனை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பெட்டியின் இரும்புக் கைப்பிடியைப் பிடுங்கி அவன் முகத்தில் விளாசினான். அவன் விழுந்தான். விழுந்தவன் விலாவில் செருப்புக் கால்கள். ஒவ்வொரு உதைக்கும் ஷட்டர் அதிர்ந்தது.

பதினைந்து நிமிடத்தில் பிணம்தான் மிஞ்சும்.

மின்சாரம் போனால் ஷட்டரைத் தூக்க ஓரத்தில் ஒரு கைச்சங்கிலி உண்டு. மோட்டார் உயிரோடு இருக்கும்வரை அது சும்மா சுற்றும். போன வருஷம் ரிப்பேருக்கு வந்த மெக்கானிக்கிடம் அவள் துருவித் துருவிக் கேட்டு வைத்திருந்தாள். பூட்டின் கடிகாரம் ஓடுவதும் அதே கரண்டில்தான். கரண்டைக் கொன்றால் பூட்டும் செத்துப்போகும்.

சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இழுத்தாள். விளக்குகள் அணைந்தன. சங்கிலியில் தொங்கினாள். மேலே பற்சக்கரம் சங்கிலியைக் கடித்துப் பிடித்தது. ஒரு சாண், இரண்டு சாண். சங்கிலியைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் குப்புறப் படுத்து, கண்ணாடித் தூள்மேல் கையை நீட்டினாள். சட்டைக் காலர் அகப்பட்டது. இழுத்தாள். தலை வந்தது, தோள் வந்தது. இடுப்பை வெளியே யாரோ பற்றியிருந்தார்கள். அவள் காலைச் சுவரில் முட்டுக் கொடுத்து இழுத்ததில் பெரிய சட்டை கிழிந்து அவர்கள் கையோடு போக, தம்பி உள்ளே வந்து விழுந்தான்.

அவனுக்குப் பின்னாலேயே ஒரு கை நுழைந்து அவள் கணுக்காலைப் பிடித்தது. நீலச் சட்டைக் கை. அவள் கொக்கியை உதைத்தாள். ஷட்டர் இறங்கியது. முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. வெளியே ஒரு அலறல்.

"தூக்கு! கை, என் கை! தாயே, தூக்கு!"

தூக்கினால் மற்றவர்கள் புகுந்துவிடுவார்கள். அவள் சங்கிலியைப் பிடித்தபடி நின்றாள். விரல்கள் தரையைப் பிறாண்டின.

தம்பி ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான். "விடுக்கா... அவன விடு."

"உன்னக் கொல்லப் பார்த்தாங்கடா!"

"விடுன்னா விடு."

நாலு விரற்கடை தூக்கினாள். கை உருவிக்கொண்டு போனது. அந்தச் சந்தில் ஒரு இரும்புக் குழாய் பாய்ந்து வந்து அவள் கணுக்காலைப் பிளந்தது. கத்திக்கொண்டே சங்கிலியை விட்டாள். ஷட்டர் குழாயை நசுக்கி நின்றது. யாரோ அதை நெம்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். தூரத்தில் போலீஸ் சைரன். காலடிகள் சிதறி ஓடின.

அவள் நொண்டியபடி போய்த் தம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்ற கண்ணால் அவளைப் பார்த்தான்.

"அக்கா, நான் வெளியதான நின்னேன். தெரியும்ல உனக்கு?"

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா அழுத்துன?"

பழக்கம், கை தானாகப் போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் மூச்சுவிடும்போதெல்லாம் விலாவுக்குள் ஏதோ நறநறத்தது.

"அழுத்திட்டேன்" என்றாள்.

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவளுடைய கையை மட்டும் விடவில்லை.