படகின் மற்ற சைட்

1.

ஒப்புக்கொள்கிறேன்: நான் எழுத உட்கார்ந்தது கதையன்று, 'சைட்' என்ற சொல்லைப் பற்றிய கட்டுரை. குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகேறியபோது படகோட்டி சில்வெஸ்ரர், "ஆராவது மற்ற சைட்டுக்குப் போங்கோ!" என்று கத்தியதில் பிறந்த ஆசை. மாப்பிள்ளை சைட், பொம்பிளை சைட். தலைவலியில் 'ஒரு சைட்டாலை இடிக்குது'. சண்டையில் 'நீர் ஆற்றை சைட்?', அதாவது எவர் பக்கம். ஓரத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லை நாங்கள் வீட்டின் நடுவில் வைத்திருக்கிறோம்.

கட்டுரையின் இரண்டாம் பந்தியில் கம்சாயினி என்றொருத்தி படகேறிவிட்டாள்.

2.

கடல் அன்று நீலப் பட்டு விரித்தாற்போல்...

(வேண்டாம். என் பதினொரு நாவல்களிலும் கடல் இதையேதான் விரித்தது.)

கம்சாயினி வேலணை ஆஸ்பத்திரியில் தாதி. நயினாதீவு அம்மன் கோயிலில் மாப்பிள்ளையைத் 'தற்செயலாக'ச் சந்திக்கப் போகிறாள். எங்கள் வழக்கம் அது: பார்க்கலாம், பேசக்கூடாது. பிடிக்காவிட்டால் எவருக்கும் அவமானமில்லை. பின்னேரம் பதில் சொல்லவேண்டும். அவளிடமோ ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்காமல் எப்படி ஓம் சொல்வாள்?

பெரியவர்கள் நாள் பார்த்தார்கள், நேரம் பார்த்தார்கள், படகைப் பார்க்கவில்லை. இரண்டு குடும்பமும் ஒரே படகில்.*

* தற்செயலாக.

3.

மாப்பிள்ளை சைட் ஒன்பது பேர், வலப்புறம். கம்சாயினியும் தாய் யோகம்மாவும் இடப்புறம். எல்லாரும் கடலைப் பார்த்தார்கள்.

"வலப்பக்கம் தாழுது! தம்பி, நீர் எழும்பி அங்காலை போம்," என்று கத்தினார் சில்வெஸ்ரர்.

தம்பி என்றது ஆரூரனை, மாப்பிள்ளையேதான்.

"அவனுக்கு ஏலாது, தலை சுத்தும்," என்றார் அவன் தாய் சறோஜினிதேவி.

"தலை சுத்தட்டும் அம்மா, படகு பிரளக்கூடாது."

கம்சாயினிக்குப் பக்கத்தில் மட்டுமே இடமிருந்தது. (நான் வைக்கவில்லை. சில்வெஸ்ரரைக் கேளுங்கள்.)

"பாராதை," என்று யோகம்மா மகளைக் கிள்ளினார். மகள் பார்க்கவில்லை. கடலிடம் கேட்டாள்:

"கலியாணத்துக்குப் பிறகு என்னை வேலையை விடச் சொல்லுவீங்களோ?"

ஆரூரன் பதில் சொன்னான். முதற்பிரதியில் 'உம்மடை விருப்பம்' என்றான். வழுக்குகிறான் என்று அந்த வரியை அடித்தேன். அடுத்ததில் ஒரு பக்கம் பேசினான். அவ்வளவு பேசுபவனை நானே நம்பமாட்டேன். உண்மையில் இயந்திர இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

4.

கோயில் வாசலில் தாய்மார் இருவரும், "அட, நீங்களும் வந்திருக்கிறியளோ!" என்று வியந்தார்கள். இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

திரும்பும் படகில் கம்சாயினி முதலில் ஏறினாள். பக்கத்து இடத்தில் தன் கைப்பையை வைத்தாள். ஆரூரன் படியில் இறங்கி வருகிறான்.

அவன் சொன்ன பதில் என்னவென்று நீங்கள் தீர்மானியுங்கள். கைப்பை அதன்படி எழும்பும், அல்லது இருக்கும். கொஞ்சம் கெதியாய். சில்வெஸ்ரர் கத்த வாயெடுத்துவிட்டார்.