புதுநன்மைக்குக் கேட்ட கேள்வி

கித்தேரியம்மாளுக்கு வாய் இரண்டு என்று மலைமேல் இருக்கும் மூஞ்சிக்கல் ஊரில் கேலி பேசுவார்கள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று அவள் மகன் அலெக்சாண்டருக்கு. பையனுக்குப் பத்து வயது. பிறந்தபோது மூச்சு முட்டியதில் கையும் காலும் முறுக்கிக்கொண்டன, பேச்சு வரவேயில்லை. ஆனால் அவனைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் பதில் பட்டென்று வரும். "அவனுக்குப் பால்ல சீனி தூக்கலா இருக்கணும்." "அவனுக்குப் பாட்டுப் பூசைன்னா உசிரு." எல்லாம் அம்மாக்காரி சொல்வதுதான். இத்தனை வருஷம் தோளில் தூக்கிச் சுமந்தவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

எண்பத்து நாலில் அருள்மேரி சிஸ்டர் மலைக்கு வந்து சேர்ந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிறவர். அலெக்சாண்டரைக் கொஞ்ச நாள் உற்றுப் பார்த்துவிட்டு, "கையும் காலும் கேக்கலைன்னாலும் கண்ணு இவன் சொன்னபடி கேக்குது" என்றார். ஆமாம் என்றால் மேலே கூரையைப் பார்க்க வேண்டும், இல்லை என்றால் கண்ணை இறுக மூட வேண்டும். மழைக்காலம் முழுக்க இதே சோலி. பையன் கற்பூரமாய்ப் பிடித்துக்கொண்டான். தாய்க்குத்தான் பாடம் ஏறவில்லை. கேள்வியைக் கேட்டு, அவன் கண் அசைவதற்குள் பதிலையும் இவளே சொல்லிவிடுவாள்.

"கேட்டுட்டு வாயை மூடுங்க கித்தேரி. அவன் சொல்லட்டும்" என்றார் சிஸ்டர்.

"பாலுக்குச் சீனி போடட்டுமாய்யா?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடினான். "தூசி விழுந்திருக்கும் சிஸ்டர்" என்றாள். மறுபடி கேட்டாள், மறுபடி மூடினான். இத்தனை வருஷமும் சீனியை அள்ளி அள்ளிப் போட்ட கை அது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இருந்தாலும் உள்ளுக்குள் ஓர் ஆசை துளிர்விட்டது. அவன் வயதுப் பிள்ளைகளெல்லாம் புதுநன்மை வாங்கிவிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டு, மெழுகுதிரி பிடித்து, முதன்முதலாய் நற்கருணை அப்பம் வாங்குகிற அந்த நாளுக்காக அவள் கோயிலுக்கு நடையாய் நடந்திருந்தாள். "என்ன ஏதுன்னு புரிஞ்சு, வேணும்னு கேக்குற பிள்ளைக்குத்தாம்மா குடுக்க முடியும்" என்று பங்குச்சாமியார் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். கண்ணால் பேசுகிறான் என்றதும் இறங்கிவந்தார். "சனிக்கிழமை தூக்கிட்டு வா. அவனே சொல்லட்டும். சொல்லிட்டா ஞாயித்துக்கெழமை குடுத்துரலாம்."

விடுவாளா? வெள்ளைச் சட்டை தைத்தாயிற்று. வத்தலக்குண்டிலிருந்து அண்ணன் குடும்பம் பஸ் ஏறி வந்தாயிற்று. லாட்ஜில் சமையல்காரனாக இருக்கும் புருஷன் பவுல்ராஜ் பிரியாணிக்கு அண்டா கொண்டுவந்து இறக்கிவிட்டான். பையனிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, பூசையென்றால் உயிரை விடுகிறவனாயிற்றே!

சனிக்கிழமை கோயிலில் சாமியார் குனிந்து, "அலெக்சாண்டர், உனக்கு நற்கருணை வேணுமாப்பா?" என்று கேட்டார்.

கண்ணை இறுக்கி மூடினான்.

சாமியாருக்கு அந்தக் கண் பாஷை தெரியாது. தெரிந்த சிஸ்டரோ ஆடலூருக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போயிருந்தார். "என்னம்மா சொல்றான்?" என்று சாமியார் கித்தேரியம்மாளைத்தான் கேட்டார்.

'ஆமாங்கிறான் சாமி' என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் தீர்ந்தது, யார் கேட்கப் போகிறார்கள்? மகன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, "அலெக்சு, நல்லாக் கேளுய்யா. புதுநன்மை வேணுமாய்யா?" என்றாள். முன்னைவிட இறுக்கமாக மூடினான்.

"வேண்டாங்கிறான் சாமி" என்றாள்.

"பயந்திருப்பான். வேணும்னு எப்பச் சொல்றானோ அப்பத் தூக்கிட்டு வா" என்று தோளைத் தட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

வீட்டில் பவுல்ராஜ் குதித்தான். "ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய்ல இருந்து முத்தா உதிர்ந்துரும்? யாருக்குத் தெரியப் போவுது?"

"அவனுக்குத் தெரியும்ல" என்றாள். அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துணிமணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.

மகனைக் கட்டிலில் கிடத்திப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சாமியாரப் பாத்துப் பயமாய்யா?" மூடினான். "சட்டை குத்துதா?" மூடினான். "அப்பம் தொண்டையில சிக்கிரும்னு பாக்குறியா? மத்த பிள்ளைக சிரிக்கும்னா?" ஒவ்வொன்றுக்கும் மூடினான். மேலே பார்த்தால் ஆமாம், மூடினால் இல்லை, இரண்டுதான் அவனிடம் இருந்தன. ஏன் என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. சரியான கேள்வி இவள் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு. என்ன கேள்வி அது? மூளையைக் கசக்கிப் பார்த்தாள், பாழாய்ப்போனது வரவே மாட்டேனென்றது.

"அம்மா மேல கோவமா?"

அதற்கும் மூடினான். கோபம் என்றாலாவது அவன் காலைப் பிடித்து அழலாம். அதுவும் இல்லையென்றால் எதைப் பிடிப்பது?

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் என்னதான்யா செய்யட்டும்? கேக்குறத நிப்பாட்டிறட்டுமா?"

அலெக்சாண்டர் கூரையைப் பார்த்தான்.